விரல் இருக்க வேண்டிய இடம்!

உங்கள் வீட்டுத் தேக்குக் கதவின் ஓரத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு வளைவு ஓடுகிறதா? அந்தக் காலத்தில் இழைப்புளியோடு மல்லுக்கட்டி வரவழைத்த வளைவு. இப்போது அதற்கு ரூட்டர் மேஜை!

மேஜைக்கு அடியில் ஒரு மோட்டார் தலைகீழாகத் தொங்கும். மேலே ஓட்டை வழியாக 'பிட்' தலைநீட்டும். நிமிடத்துக்கு 10,000 முதல் 24,000 சுற்று வரை சுற்றும். பின்னால் நேராக ஒரு தடுப்பு. அதை ஒட்டிப் பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளினால் டிசைன் ரெடி.

தள்ளுவது யார்? கை! அங்கேதான் வில்லங்கம்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் வேலைக்கு நடுவே ஒரு சின்ன மெஷினைத் தட்டிக் காட்டினார். "இதுதான் தம்பி பவர் ஃபீடர். தள்ளுற வேலை இதுக்கு. பார்க்கிற வேலை எனக்கு!"

கரும்பு ஜூஸ் கடை உருளை மாதிரி, மூன்று நான்கு ரப்பர் வீல். அவை பலகையை மேலிருந்து அமுக்கி, ஒரே சீராக நகர்த்திக்கொண்டு போகின்றன. கையால் தள்ளினால் முதல் பத்தடி ஜோர். அப்புறம் தோள் வலிக்கும், கை தயங்கும். தயங்கிய இடத்தில் மரம் கருகும். அவசரப்பட்டால் சிலாம்பு பெயரும். வீலுக்குத் தோள்வலி ஏது?

நான் பி.காம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 அடி பீடிங், நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகம் என்றால் ஒண்ணேகால் மணி நேரம். ஆயிரமாவது அடியும் முதல் அடி மாதிரியே இருக்கும்!

ஆனால் வாங்கி வைத்தால் மட்டும் போதாது ஸார். வீல், பலகையின் கனத்தைவிட ஒரு நூல் (சுமார் 3 மில்லிமீட்டர்) கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்காமல் வழுக்கும். ஃபீடரின் வெளியேறும் முனை தடுப்புப் பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பலகை விலகாமல் ஒட்டியே போகும். ஃபீடர் நல்ல கனம். லேசான மேஜை என்றால் நடுவில் தொய்யும். அடியில் முட்டுக் கொடுத்தாக வேண்டும். முதலில் ரூட்டர், பிறகு ஃபீடர் என்று வரிசையாகத்தான் சுவிட்ச் போட வேண்டும்.

குட்டித் துண்டுகளுக்கு இது லாயக்கில்லை. இரண்டு வீலுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பலகை நீளமாக இருந்தால்தான் பிடி கிடைக்கும். பிட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே பலகையை நுழைப்பதோ, ஃபீடர் இருந்தாலும் கூடவே கூடாது.

"மெஷின் வந்தாச்சுன்னு பசங்க அசந்துடுறாங்க. ரப்பர் வீலுக்கு மரமும் ஒண்ணு, விரலும் ஒண்ணு தம்பி. தொளதொள சட்டைக்கை மாட்டினா அதையும் சேர்த்துத்தான் இழுக்கும்" என்றார். கிளவுஸும் கூடாதாம்.

ஃபீடர் வாங்கினால் ஐந்தொகையில் சொத்து. வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கலாம். பழசானால் புதுசு வாங்கலாம்.

விரலுக்கு அந்த வசதி கிடையாது!