தினம் ஒரு ஆங்கிலச் சொல்: மெயிலில் வருகிறது, மனதில் நிற்கிறதா?

ஆங்கில இலக்கணம் ஓரளவு தெரிந்தும், தகுந்த சொல் கிடைக்காமல் தவிப்பவர்கள் நம்மில் பலர். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு, முதல் ஆண்டுப் பாடநூலே இதனால் மலைப்பைத் தரும். அகராதியை மனப்பாடம் செய்வது நடக்காத காரியம். ஆனால் தினம் ஒரு சொல் என்றால் எவராலும் முடியும்.

இதற்கென்றே இலவசமாக இயங்குகிறது வேர்ட்ஸ்மித் என்னும் இணையதளம். இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று கம்ப்யூட்டர் அறிவியல் படித்த அனு கார்க், 1994-ல் தொடங்கிய 'ஏ வேர்ட் ஏ டே' சேவை இதில்தான் உள்ளது. உங்கள் மெயில் முகவரியைப் பதிவு செய்தால் போதும். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொரு சொல் வந்து சேரும். பொருள், உச்சரிப்பு, சொல் பிறந்த கதை, பயன்படுத்தும் விதம் எல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் மெயிலைப் படிப்பது வேறு, சொல்லைக் கற்பது வேறு. ஒருமுறை படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ் 1885-லேயே சோதித்து எழுதிவிட்டார். மறக்கும் தறுவாயில் மீண்டும் நினைவுகூர்வதே இதற்கு மருந்து.

அந்த வேலையை 'ஆங்கி' என்ற புரோகிராம் செய்கிறது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றுக்கு இது இலவசம். ஐபோனுக்குக் கட்டணம் உண்டு. கார்டின் முன்பக்கம் சொல்லையும், பின்பக்கம் பொருளையும் டைப் செய்யுங்கள். விடை நினைவுக்கு வந்தால் 'குட்' பட்டனையும், வராவிட்டால் 'அகெய்ன்' பட்டனையும் கிளிக் செய்யுங்கள். தெரிந்த சொல் சில நாட்கள் கழித்தும், தெரியாத சொல் உடனேயும் திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை. மற்றவர்கள் தயாரித்த பெரிய கார்டுத் தொகுப்பை இறக்கினால், ஆங்கி தினம் 20 புதிய கார்டுகளைக் காட்டும். பழையவையும் சேர்ந்து ஒரே மாதத்தில் மலையாகக் குவியும். ஆப்ஷன்ஸ் பகுதியில் இந்த எண்ணை 1 அல்லது 2 என மாற்றிவிடுங்கள்.

பின்பக்கத்தில் பொருளோடு, உங்களுக்குத் தெரிந்த ஒன்றையும் இணைத்து எழுதுங்கள். கடலூர்க்காரர்களுக்கு இது எளிது. தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் மராத்தியரிடமிருந்து வாங்கினார்கள். இப்படிச் சோழமண்டலக் கரையில் வணிகம் செய்த காலத்தில் நம் சொற்கள் பலவும் அவர்கள் மொழியில் ஏறின. 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'செரூட்' நம் சுருட்டு. 'மல்லிகடானி' நம் மிளகுத்தண்ணீர். இந்த மூன்றையும் முதல் மூன்று கார்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கற்ற சொல்லை அன்றே ஒரு சொந்த வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். வாரம் ஐந்து சொற்கள் என்றாலும் ஆண்டுக்கு 260. அத்தனையும் நினைவில் நின்றால், நேர்முகத் தேர்வில் சொல்லைத் தேடித் தடுமாற வேண்டியிருக்காது.