எளிமையும் வலிமையும்: கணினித் தமிழிற் கண்ட ஓர் உண்மை

தெமோதரைப் புகையிரத நிலையத்தை அறியாத ஊவா மக்கள் இலர். பதுளைக்கு இருப்புப்பாதை அமைத்தோர்க்கு ஆங்கே பெரியதோர் இடர் நேர்ந்தது. சடுதியாய்த் தாழும் மலைச்சரிவிற் புகைவண்டியை இறக்குவது யாங்ஙனம்? தோட்டத்துக் கங்காணியொருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளர் விடை கண்டனர் என்று எம் முதியோர் கதை கூறுவர். கதை எவ்வாறாயினும் ஆகுக. பாதை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி வந்து, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுட் புகுவது மெய். 1924-இல் அப்பாதை பதுளையை எட்டியது. எளிய எண்ணம், அரிய பயன்.

இவ்வுண்மை கணினி மென்பொருளுக்கும் பொருந்தும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தமிழெழுத்துக்கள் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 ஆகும். இத்துணை எழுத்துக்களையும் சிலவாகிய விசைகளில் அடக்குவது எவ்வாறு? யாழ்ப்பாணத்திற் பிறந்து கடல் கடந்து வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள், தாம் ஆக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் எழுத்தின் உறுப்புக்களைப் பிரித்து வைத்து இதற்கு வழி கண்டார்.

கணினி வந்தபின் வேறோர் இடர் தோன்றிற்று. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துருக்களே நெடுங்காலம் வழங்கின. எம்முள் ஒருவர் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்திற்குத் தமிழில் விண்ணப்பமொன்றை அனுப்பினார். ஆங்கிருந்த கணினியில் அவ்வெழுத்துரு இல்லை. பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தோன்றின. உண்மை அறியப்படுமுன் தவணை கடந்தது, பதவி பிறர்க்காயிற்று. தமிழுக்கெனத் தனியெண்களை வகுத்த ஒருங்குறி 1991-இல் வெளிவந்ததாயினும், அது பரவலாக வழக்கில் வரப் பல்லாண்டுகள் சென்றன.

இத்துறையில் தனி முயற்சியால் வழிகாட்டியவர் மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் அவர்கள். 1980-களில் அவர் தொடங்கிய முயற்சியே 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது. 2005-இற் கைபேசிக்கெனச் 'செல்லினம்' பிறந்தது. அவர் ஆக்கங்களை நோக்குவார்க்கு ஒரு கொள்கை புலனாகும்: பாரத்தைப் பொறி சுமக்கவேண்டும், மனிதர் சுமத்தலாகாது.

எடுத்துக்காட்டொன்று கூறுவோம். 'அஞ்சல்' முறையிற் சொல்லின் ஒலியையே ஆங்கில விசைகளில் இடுகின்றோம். நகரத்திற்கும் னகரத்திற்கும் ஒரே விசையை அழுத்தலாம். சொல்லின் முதலில் வரின் 'ந' தோன்றும். பிறவிடத்தில் 'ன' தோன்றும். தகரத்தின் முன் 'ந்' ஆகும். னகரம் மொழிக்கு முதலாகாது என்று எம் ஆசிரியர் இலக்கண வகுப்பிற் புகட்டிய விதியன்றோ இது! 'அந்நாள்' போன்ற சொற்களுக்கு வேண்டுமிடத்து நகரத்தையே தெரிந்திடத் தனிவிசையும் உண்டு. ஆகவே வெளியே தோன்றும் எளிமை, கடினத்தை ஒழித்ததனால் வந்ததன்று. அதனை ஒருவர் தாம் ஏற்று உள்ளே அடக்கியதனால் வந்தது.

அவர் வரைந்த எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றன. அவற்றுட் சிங்கள எழுத்துருவும் உண்டு. தமிழரொருவர் கைவண்ணத்திற் சிங்கள அன்பர் தம் மொழியைப் படிக்கின்றனர் என்பது இருமொழியும் வழங்கும் எம் ஊவாவுக்கு உவகை தரும் செய்தியாகும்.

1987-இல் அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆயினும் சட்டம் தானே கடிதம் எழுதாது. லயத்து வீட்டில் வாழும் தாயொருத்தி, தன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தைப் பிறர் கையை எதிர்பாராது தானே தன் மொழியில் எழுத இயலுமாயின் அன்றே அவ்வுரிமை நிறைவுறும். கைபேசி அவள் கையில் இருக்கின்றது. அதற்கேற்ற எளிய கருவிகளை ஆக்குவார் யார்?

மாணவச் செல்வங்களே! அப்பணி உங்களுடையது. கணிதத்தைக் கற்பதுபோல இலக்கணத்தையும் கசடறக் கற்பீராக. ஈரிலையும் ஒரு மொட்டும் என்னும் சிறு விதியே தேயிலையின் தரத்தைக் காப்பதை நும் அன்னையர் அறிவர். அவர்தம் கைத்திறனும் நும் கல்வியும் ஒன்றுகூடின், தெமோதரையிற் பாதை கண்டாற்போல இம்மலையிலும் புதுவழி காணலாம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!