ஒரகடத்தில் ஒரு டிரம்மர் உருவாக என்ன வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். அதைச் சுற்றி விரிந்துகிடக்கும் தொழிற்பகுதியை நம்பித்தான் சென்னைக்கு ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்ற பட்டத்தைச் சூட்டியிருக்கிறோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ரெனோ–நிஸான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் நிறைந்தது. வண்டிக் கணக்கு பார்த்தால் பட்டத்தில் குறையில்லை. ஆனால் டெட்ராய்ட் உலகத்துக்கு அனுப்பிய சரக்கு இரண்டு. ஒன்று கார். மற்றொன்று மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக 1959 முதல் வெளியே போன சோல் இசை. முதல் சரக்கின் கூலி எப்படிப் பங்கிடப்பட்டதோ அதிலிருந்து முளைத்ததுதான் இரண்டாவது. நாம் கடன் வாங்கியிருப்பது பாதி டெட்ராய்ட்டைத்தான்.

அந்த இரண்டாவது சரக்கின் அடித்தளம் பென்னி பெஞ்சமின் என்கிற டிரம்மர். 1925இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கறுப்பர். பெரிய ஜாஸ் குழுக்களின் வாசிப்பில் ஊறி, டெட்ராய்ட் இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தவர். 1950களின் நடுவில் லிங்கன்–மெர்க்குரி ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, பிறகு பாட்டுத் தொழிலில் இறங்கி, வெஸ்ட் கிராண்ட் பொலிவார்டில் ஒரு வீட்டை வாங்கி ஸ்டூடியோவாக மாற்றினார். அங்கே முதலில் நிலைத்த டிரம்மர் பெஞ்சமின். பேரட் ஸ்ட்ராங்கின் ‘மணி’, டெம்ப்டேஷன்ஸின் ‘மை கேர்ள்’ இரண்டிலும் கேட்பது அவர் கைதான். வித்தை காட்டாமல் பாட்டைத் தாங்கிப் பிடிக்கிற கை. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரும் அந்தக் கையும் சேர்ந்துதான் மோடவுனின் நடை. சிறுவன் ஸ்டீவி வொண்டர் டிரம்ஸைக் கற்றது இவரைப் பார்த்து. போதைப் பழக்கம் முற்றி அவரால் ஒழுங்காக வர முடியாமல் போனபோது ரிச்சர்ட் ஆலனும் யூரியல் ஜோன்ஸும் அந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள். 1969இல், 43 வயதில், பக்கவாதத்தில் பெஞ்சமின் இறந்தார். மோடவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் முறையாக அச்சிட்டது 1971இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தட்டில். அதாவது அவர் போய் இரண்டு ஆண்டு கழித்து.

இப்படியொருவர் டெட்ராய்ட்டில் ஏன் கிடைத்தார்? எல்லோரும் சொல்லும் பதில், இயந்திரச் சத்தம்தான் தாளமாக மாறியது என்பது. கோர்டியே அசெம்பிளி லைனைப் பார்த்துத்தான் தன் நிறுவனத்தை அமைத்ததாகச் சொன்னார். மோடவுனின் ‘நோவேர் டு ரன்’ பாட்டின் படத்தை 1965இல் ஃபோர்டு ஆலைக்குள்ளேயே, ஓடுகிற லைனில் எடுத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, வாதமாக நிற்கவில்லை. பிரஸ் ஷாப் சத்தம் டிரம்மரைப் பெற்றெடுக்கும் என்றால் இந்நேரம் ஒரகடத்தில் ஒரு டஜன் பேர் இருந்திருக்க வேண்டும். பெஞ்சமினோ கார் கட்டியவரல்லர், மேடையில் பிழைத்தவர். அவருக்கு மேடை போட்டது யார் என்பதுதான் கேள்வி. 1936–37இல் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தில் ஜெனரல் மோட்டார்ஸைப் பணியவைத்தது வாகனத் தொழிலாளர் சங்கம். 1950இல் அதே நிறுவனத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. விலைவாசிக்கு ஏற்ப ஏறும் கூலியும் ஓய்வூதியமும் அதில் இருந்தன. அந்தக் கூலியில் தொழிலாளி வீடு வாங்கினார், வீட்டில் பியானோ வந்தது, பிள்ளை பள்ளியில் இசை படித்தது, சனிக்கிழமை இரவு விடுதி நிரம்பியது. டிரம்மரின் சம்பளம் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

டெட்ராய்ட் சொர்க்கமா என்று கேட்கலாம். இல்லை. கறுப்பருக்கு வார்ப்பாலையின் சூடும் புகையும்தான் முதலில் வாய்த்தன. 1943இலும் 1967இலும் நகரம் கலவரத்தில் எரிந்தது. கறுப்பரின் கடைகளும் இசை விடுதிகளும் நெருங்கியிருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை விரைவுச் சாலைக்காக இடித்தார்கள். ஆனாலும் இந்த எதிர்வாதம் என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. இத்தனை அநீதிக்கு நடுவிலும் அங்கே இசை வளர்ந்ததென்றால், கூலியும் குடியிருப்பும் இருந்ததால்தான். 1972இல் மோடவுன் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிய பிறகும் ஆலனும் ஜோன்ஸும் டெட்ராய்ட்டிலேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் போனாலும் அவர்களுக்கு ஊர் இருந்தது.

நம் பக்கத்துச் சான்றும் இதையே சொல்கிறது. 1959இல் சென்னையில் பிறந்த சிவமணி வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவருடைய தந்தை ஆனந்தன் சினிமா இசைக்குழுக்களில் தாளக் கலைஞர். மகன் சிறுவயதிலேயே அந்த ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தார். இளையராஜாவின் டிரம்மராக இருந்து, பிறகு அவருடைய இசைக்குழுவையே நடத்திய புருஷோத்தமன் இன்னொரு சாட்சி. இவர்களைத் தாங்கியது கோடம்பாக்கத்தின் கால்ஷீட். அந்தக் கால்ஷீட்டுக்கு ஒரு நியாயம் வந்ததில் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் முன்னின்று உருவாக்கிய சினிமா இசைக் கலைஞர் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் போடாத வழக்கம் இங்கும் இருந்தது. 1992இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ.ஆர்.ரஹ்மான் கேசட் உறைகளில் வாத்தியக்காரர்களுக்கு இடம் கொடுத்தது பேசப்பட்டதே அதனால்தான். கணினி வந்தால் டிரம்மருக்கு வேலை ஏது என்பார்கள். ஸ்டூடியோவில் அது பெருமளவு உண்மை. ஆனால் அதே காலத்தில்தான் சிவமணி மேடைக்குப் போய்ப் பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் தட்டி உலகம் சுற்றி, 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். மேடைக்குத் தேவை, டிக்கெட் வாங்குகிற நிலையில் உள்ள கூட்டம்.

அந்தக் கூட்டம் ஒரகடத்தில் இல்லையா? ஆள் இருக்கிறார்கள். பாட்டுக் கேட்கிற வயசுதான் எல்லோருக்கும். ஆனால் அவர்கள் இங்கே குடியிருப்பவர்களாக ஆகவில்லை. ஒருவர் டிரெயினி, அடுத்தவர் காண்ட்ராக்ட். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் திருவண்ணாமலைப் பக்கமோ வேலூர்ப் பக்கமோ கிளம்பிவிடும், இல்லையென்றால் ஹாஸ்டல். 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. பாதுகாப்பான இடம், வரவேற்கத்தக்கதுதான். ஆனால் விடுதி என்பது வேலைக்காகத் தங்கும் இடம். வயது ஏறினாலோ கல்யாணம் ஆனாலோ வேலை போனாலோ பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டிரம்ஸ் போன்ற இடத்தை அடைக்கிற, அக்கம்பக்கத்தைத் தூங்கவிடாத ஒரு வாத்தியத்தைப் பத்து வருஷம் பழக அங்கே வழியில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது அதில் வேலை பார்த்த இளைஞர்கள் கலைந்து போனார்கள். அவர்களைப் பிடித்துவைக்க இங்கே ஊர் என்று ஒன்று உருவாகியிருக்கவில்லை.

பறையும் தவிலும் இருக்கும் மண்ணில் சோல் டிரம்மர் எதற்கு என்ற கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் கோயில் மேளம் தொழிற்பேட்டைக்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. எனக்கு எந்த வாத்தியம் என்பதில் பிடிவாதம் இல்லை. உழைப்பவரின் இன்றைய வாழ்க்கையிலிருந்து, இன்றைய மின்கருவிகளோடு, புதிதாக ஓர் இசை எழுகிறதா என்பதுதான் விஷயம். அதற்குப் பறையும் டிரம்ஸும் பகை இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் பறையையும் ராக்கையும் ஒன்றாக வைத்தது. அதற்கு வேர் வடசென்னையின் கானா. துறைமுகமும் ஆலைகளும் தலைமுறைகளாகக் குடியமர்த்திய தொழிலாளர் தெருக்களில் வளர்ந்த பாட்டு அது. டெட்ராய்ட் கணக்கு அங்கே பலித்திருக்கிறது, நாற்பது கிலோமீட்டர் மேற்கே இன்னும் பலிக்கவில்லை.

கம்பெனிகளே விழா நடத்தி ஆர்கெஸ்ட்ரா கூப்பிடட்டுமே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. ஆயுத பூஜைக்கு ஒரு நாள் கச்சேரி வைப்பதால் கேட்பவர்களுக்குச் சந்தோஷம், வாசிக்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி. அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. 2024 செப்டம்பரில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமை கேட்டு 37 நாள் வேலைக்குப் போகாமல் நின்றதை, இசையைப் பற்றிய கட்டுரையில் சொல்வது பொருத்தமில்லை என்று யாருக்காவது தோன்றலாம். ஆனால் டெட்ராய்ட்டிலும் முதலில் வந்தது 1937இன் வேலைநிறுத்தம், பிறகுதான் 1959இன் மோடவுன். மாத்தூரிலோ வல்லத்திலோ ஏதோ ஒரு லைனில் நிற்கிற பையனோ பெண்ணோ டைனிங் டேபிளில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு முதலில் வர வேண்டியது பெர்மனென்ட் ஆர்டர், அடுத்து ஷிப்ட் முடிந்து திரும்ப அதே ஊரில் ஒரு வீடு. டிரம்ஸை அவரே வாங்கிக்கொள்வார்.