பத்தாம் வகுப்புத் தேர்வறையில் பட்டதாரிகள்

2025 ஜூலை 12 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப்-4 தேர்வுக்கு ஏறத்தாழ 13.9 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. அதற்கு முந்தைய 2024 தேர்வில் 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேர், 2022இல் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டாலும், அறிவிக்கை வரும்போது ஓர் இடத்துக்கு 300 பேருக்குக் குறையாமல் போட்டி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்ற இந்தத் தேர்வை பி.இ. முடித்தவர்களும் எம்.எஸ்சி. முடித்தவர்களும் எழுதுகிறார்கள்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நோகாமல் சம்பளம் வேண்டும்” என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு நியாயமில்லாதது. இந்த இளைஞர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகளுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டதால், வீட்டு வாடகைப்படியையும் சேர்த்தால் மொத்தச் சம்பளம் 30 ஆயிரத்தைக் கடந்துவிடும். பெரிய ஐடி நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளம்தான் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. மாதத்துக்கு 29 ஆயிரம். அதையும் சென்னையிலோ பெங்களூருவிலோ அறை வாடகை கொடுத்துக்கொண்டு வாங்க வேண்டும். அந்த வேலையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. விழுப்புரத்திலோ ராமநாதபுரத்திலோ பட்டம் வாங்கியவர் ஊரைவிட்டுப் போக முடியாத நிலையில் இருந்தால் அவருக்கு எதிரில் இருப்பவை ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, நிதி நிறுவனத்தின் வசூல் வேலை போன்றவைதான். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளம், பல இடங்களில் பணி நியமனக் கடிதம்கூடக் கிடையாது. அரசு வேலையைத் தனியார் வேலையோடு ஒப்பிடுகிறவர்கள் உயரமான கண்ணாடிக் கட்டடங்களை நினைத்துப் பேசுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பதோ இந்தக் கடைத்தெரு வேலையை.

சம்பளத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. குரூப்-4க்கு நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரே நாள், 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ். பள்ளிப் பாடப்புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர் நம்பிக்கையோடு எழுதலாம். 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்குத் தனிப் பங்கு உண்டு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம். தனியார் நிறுவனத்தில் இவை எதுவும் இல்லை. அங்கே ஆங்கிலம் பேசும் சரளமும் தெரிந்தவர் சிபாரிசும் முதல் வடிகட்டியாக நிற்கின்றன. வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளை, தன்னை யாரென்று கேட்காமல் விடைத்தாளை மட்டும் திருத்தும் தேர்வை நம்புவதில் என்ன பிழை?

பெண்களின் கணக்கு இன்னும் தெளிவானது. தமிழக அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியாரில் 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம். அதைக் கேட்டு வாங்குவதற்குள் வேலையே போய்விடுமோ என்ற அச்சம் சிறு நிறுவனங்களில் உண்டு.

வேலை நிலைக்குமா என்ற கவலையும் காற்றில் பிறந்ததல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அண்ணனோ மாமாவோ நடுவயதில் வேலை தேடி அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை மறப்பதில்லை. அதே சமயம், நல்ல திறனுள்ளவர் பத்தாண்டில் அரசு ஊழியரைப்போல் இரண்டு மூன்று மடங்கு சம்பாதிக்க முடிவதும் தனியாரில்தான், அதையும் மறைக்கக் கூடாது.

ஓய்வூதியத்தில்தான் பல குடும்பங்கள் பழைய நினைப்பிலேயே இருக்கின்றன. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை. சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அதை எதிர்த்து ஊழியர் சங்கங்கள் நடத்திய போராட்டங்கள் ஊரறிந்தவை. தனியாரின் நிலை இன்னும் மோசம். பிஎஃப் ஓய்வூதியம் 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிடப்பட்டால், 30 ஆண்டு உழைத்தவருக்குக்கூட மாதம் 7,000 ரூபாய்க்குக் குறைவாகத்தான் வரும். இன்னோர் எச்சரிக்கை: ‘அரசு வேலை’ என்ற பெயரில் தொகுப்பூதியப் பணிகளும் இருக்கின்றன. 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய்க்குச் சேர்க்கப்பட்டார்கள். அறிவிக்கையில் ‘காலமுறை ஊதியம்’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நியாயம் இருந்தும் என்னை வருத்துவது காத்திருப்பு. 2019 செப்டம்பரில் நடந்த குரூப்-4 தேர்வுக்குப் பிறகு அடுத்தது 2022 ஜூலையில்தான் நடந்தது. கொரோனா ஒரு காரணம். அதற்காக அந்த மூன்றாண்டு வயது யாருக்கும் திரும்பி வரவில்லை. 2022 தேர்வின் முடிவு வர எட்டு மாதம் ஆயிற்று, 2023இல் தேர்வே இல்லை. 22 வயதில் படிக்க உட்கார்ந்தவர் இரண்டு மூன்று முறை முயல்வதற்குள் முப்பதை நெருங்கிவிடுகிறார். அப்போது தனியார் நிறுவனத்துக்குப் போனால், “இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. 2025 தேர்வின் முடிவு சுமார் மூன்று மாதத்தில் வந்தது நல்ல மாற்றம். ஆண்டுதோறும் தவறாமல் தேர்வு நடப்பதும், காலியிடங்கள் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறாமல் இருப்பதும் அதைவிட முக்கியம். பிள்ளைகளைப் பொறுமையாக இருக்கச் சொல்லும் அரசு தன் காலண்டரை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

அதுவரை, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிப்பதை இரண்டு தேர்வுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன். மூன்றாவதை வேலை பார்த்தபடியே எழுதலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் பயிற்சி இலவசம். கடன் வாங்கிக் கோச்சிங் சென்டரில் கட்டும் முன் அங்கே போய்ப் பார்க்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்ச்சி பெற்றால் தட்டச்சர் பணிக்கும் போட்டியிடலாம். அந்தச் சான்றிதழ் எல்லோரிடமும் இருக்காது என்பதால் அங்கே நெரிசல் குறைவு. சிற்றூர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள் இன்னும் உயிரோடு இருப்பது இதனால்தான்.

தனியாரைத் தேர்ந்தெடுப்பவர் சம்பளத் தொகையைக் கேட்பதற்கு முன் நியமனக் கடிதம் கேட்க வேண்டும். 20 பேர் வேலை செய்யும் நிறுவனம் பிஎஃப் கட்ட வேண்டும்; பொதுவாக 10 பேர் இருந்தாலே, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இஎஸ்ஐயும் உண்டு. பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்துச் செல்போனிலேயே மாதாமாதம் பார்க்கலாம். கட்டவில்லையென்றால் பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.