மலை முகட்டில் ராஜாளி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயிலில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையை நோக்கிப் பிரயாணம் செய்பவர்கள், இருப்புப்பாதையின் இரு மருங்கிலும் விடாமல் தொடர்ந்து வரும் பாறைக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். அக்குன்றுகளின் மேல் வட்டமிடும் பட்சி இன்னதென்று நிதானித்து நோக்கியவர்களோ மிகச் சிலர். தோலுக்கும் காலணிக்கும் உலகெங்கும் பெயர்பெற்ற இப்பிரதேசத்தில் வேறு விசேஷம் என்ன இருக்கப்போகிறது என்று வெளியூரார் கேட்பதுண்டு. ராஜாளி இருக்கிறது என்பதே என் பதில். பறவை நூலார் இத்தாலிய விஞ்ஞானி பொனெல்லியின் பெயரால் வழங்கும் இம்மலைக் கழுகு, ஸ்பெயின் தேசம் முதல் தென் சீனம் வரை, வறண்ட பாறை மலைகள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வாசம் செய்வது.

ஆனால் ஆம்பூர் வானத்தில் காணும் பெரிய பறவையெல்லாம் கழுகாகிவிடாது. கசாப்புக் கூடங்களையும், தோலில் ஒட்டிய சதையையும் கொழுப்பையும் சீவி எறியும் இடங்களையும் நாடிக் கூட்டங்கூட்டமாக வருபவை கள்ளப்பருந்துகள். இவற்றின் சிறகு விரிவும் ஏறக்குறைய ஐந்தடி இருக்குமாதலால், உயரே பறக்கும்போது உருவத்தின் பெருமையை மட்டும் நம்பினால் எவரும் ஏமாந்துபோவார்கள். வாலைப் பார்க்க வேண்டும். பருந்தின் வால் நுனியில் கவைபட்டிருக்கும். படகோட்டி சுக்கானைத் திருப்புவதுபோல அதை ஓயாமல் இப்புறமும் அப்புறமும் திருப்பிக்கொண்டே அது பறக்கும்.

ராஜாளியின் வாலில் கவையில்லை. சாம்பல் நிறமான அவ்வாலின் நுனியில் அகன்ற கரும்பட்டை ஒன்று குறுக்கே ஓடும். கீழிருந்து நோக்குங்கால் மார்பும் வயிறும் வெண்மையாகவும், அவ்வெண்மையில் மெல்லிய கருங்கோடுகள் கீழ்நோக்கி இழுத்தாற்போலவும், இருபுறத்துச் சிறகுகளின் அடிப்பாகம் கறுத்தும் தோன்றும். வெளுத்த உடலும் இருண்ட சிறகும் சேர்ந்திருக்கும் இந்த லக்ஷணம் ஒன்றே பெரும்பாலும் போதுமானது. வெளுத்த உடல் படைத்த பாம்புண்ணிக் கழுகும் இப்பக்கத்தில் உண்டென்றாலும், அதன் சிறகடியும் வெளுத்தே இருக்கும். அன்றியும் அது இரையைத் தேடி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அதன் காலில் இறகு கிடையாது. ராஜாளிக்கோ விரல் தொடங்கும் இடம்வரை இறகு போர்த்திருக்கும்.

இளம் ராஜாளிதான் பெரிய சங்கடம். அதன் உடல் முழுவதும் செம்மண் நிறம். வால் நுனியில் கரும்பட்டையும் இராது. தாய் தந்தையரைப்போல வெளுக்க அதற்குச் சில ஆண்டுகள் செல்லும். செந்நிறத்தைக் கண்டு அதைத் தங்கக் கழுகு என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தங்கக் கழுகு இமயத்துக்குரியது, நம் மலைகளுக்கு வருவதில்லை.

மற்றொரு லக்ஷணத்தைக் காண ஏலகிரிக்குப் போக வேண்டும். முதிர்ந்த ராஜாளியின் முதுகில், இரு சிறகுகளும் சேரும் இடத்துக்கு நடுவே, வெண்திட்டு ஒன்று உண்டு. தரையில் நிற்பவர்க்கு அது புலப்படுவது அரிது. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே உள்ள ஒன்றில் ஓரமாக நின்று பள்ளத்தாக்கை நோக்குபவர்க்கு, காலை வெயிலின் அனல் காற்றைப் பற்றிக்கொண்டு பறவை கீழிருந்து எழுந்து வருங்கால், கரிய முதுகின்மேல் அத்திட்டு பளிச்சென்று தெரியும். ஒன்றைக் கண்டால் சற்றுப் பொறுத்திருங்கள். ஜோடி வேறொரு பக்கத்திலிருந்து வந்து சேரக்கூடும். இணையாகவே சஞ்சரித்து, ஒன்று விரட்ட மற்றொன்று மடக்கிப் பிடிப்பதும் இவற்றின் வழக்கம். கவுதாரி, முயல், புறா, உடும்பு ஆகியவை இவற்றின் ஆகாரம்.

பாறை இடுக்கிலோ உயர்ந்த மரத்திலோ சுள்ளிகளை அடுக்கிக் கட்டும் கூட்டை ஆண்டுதோறும் புதுப்பித்து, பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு, சுமார் 40 நாள் அடைகாக்கின்றன. கருங்கல்லுக்காக ஒரு குன்றின் செங்குத்துச் சரிவை உடைத்துவிட்டால், அச்சரிவில் தலைமுறையாகக் கூடு கட்டிய ஜோடிக்கு மாற்றிடம் எளிதில் அகப்படாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையைக் காக்கிறது. அது தங்கும் பாறையையும் அவ்வாறே காத்தாலன்றிப் பயனில்லை.

ஆதலால் ராஜாளியைத் தேடிப் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கூடு கண்ணில் பட்டால் புகைப்படத்துக்காக நெருங்காதீர்கள், இடத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். அஞ்சி எழுந்த தாய் திரும்பி வரத் தாமதித்தால், வேலூர் வெயிலில் சுடும் பாறையின்மேல் முட்டை கெட்டுப்போகும்.