புதைத்த தொட்டியும் அதன் அடிமண்ணும்

மண் பரிசோதனை நமது அங்கத்தினர்களுக்குப் புதிய விஷயமன்று. வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை விலக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கமண்ணைச் சீவியெடுத்து, ஒன்றாய்க் கலந்து, நான்காய்ப் பகுத்துக் குறைத்து, எஞ்சிய அரைக் கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் அனுப்புவது விவசாயிகள் பலருக்கும் கைவந்த காரியம். உரக்கணக்குக்கு இது போதும். ஆனால் பூமிக்குள் புதைத்த பெட்ரோல், டீசல் தொட்டியைச் சுற்றி இதே முறையைக் கையாண்டால், கிடைக்கும் முடிவு காகிதத்தில் அழகாயிருக்கும், உண்மையாயிராது.

இதை எழுதக் காரணம் உண்டு. நெசவாளர் சங்கமொன்று சாயச்சாலை கட்டுவதற்காக, மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க் மனையொன்றைக் கிரயம் பேசியது. விலை சகாயம், மனையில் கிணறும் இருந்தது. மண் சுத்தமானதென்று மனைக்காரர் ஒரு சோதனைச் சீட்டையும் காட்டினார். நான்கு மூலையிலும் மேல்மண் எடுத்துக் கலந்து செய்த சோதனை அது. முன்பணத்துக்குத் தீர்மானம் எழுதும் தறுவாயில் அச்சீட்டு நமது பார்வைக்கு வந்தது.

மேல்மண் இங்கே எதற்குச் சாட்சி? தொட்டியின் அடிப்பாகம் ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே கிடக்கிறது. சுற்றிலும் நிரப்பிய மணல். இரும்பு துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால், எண்ணெய் மணல் வழியே கீழ்நோக்கி இறங்குமேயன்றி மேலே வந்து நம்மிடம் முறையிடாது. அமெரிக்கா இதை வெகு தாமதமாகவே உணர்ந்தது. அங்கே 1984-ல் தனிச் சட்டமும் 1988-ல் விதிகளும் பிறந்தன. அதன்பின் ஊர்ஜிதமான கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். தொட்டி மட்டுமன்று, குழாயும் கசியும். நமது சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்து, குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது பலருக்கும் நினைவிருக்கலாம்.

ஆகவே மண் எடுக்க வேண்டிய இடம் தொட்டியின் அடி. தொட்டியைக் காலிசெய்து, ஆவியகற்றி, தூக்கியெடுத்த பின்னர், அது கிடந்த இடத்தின் இரு தலைப்பிலும், நிரப்பு மணலைத் தாண்டி, பூர்வ மண்ணில் ஓரிரு அடி ஆழத்துக்குள் மாதிரி எடுத்தல் வேண்டும். குழாய் ஓடிய தடத்திலும், இணைப்புகளின் கீழும், பம்பு நின்ற மேடையின் கீழும் தனித்தனியே எடுக்க வேண்டும். தொட்டி பழுதற்றிருக்க, குழாய் இணைப்பு ஒழுகிய இடங்கள் அநேகம். குழியில் தண்ணீர் ஊறியிருந்தால் நீர்மட்டத்தையொட்டிய பக்கச்சுவரில் எடுப்பது முறை. எண்ணெய் நீரில் மிதப்பது; மழைக்கும் கோடைக்கும் நீர்மட்டம் ஏறியிறங்கும்போது, அந்த மட்டத்து மண்ணெல்லாம் அதைப் பூசிவிட்டுப் போகும்.

யாரும் குழிக்குள் இறங்கலாகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தேங்கி நிற்கும். மண்வாரி இயந்திரத்தின் வாளியில் அள்ளி, மேலே கொணர்ந்து, வாளியின் நடுவிலுள்ள மண்ணையே எடுக்க வேண்டும். தொட்டியைத் தூக்கும் வேலை பெட்ரோலிய விதிகள், 2002-க்கு உட்பட்டது. உள்ளூர் இரும்பு வியாபாரியிடம் ஒப்படைக்கும் காரியமன்று.

எடுத்ததைக் கலக்கவே கூடாது. கெட்ட மண் ஒரு பங்கை நல்ல மண் ஒன்பது பங்கோடு கலந்தால் குற்றம் பத்தில் ஒன்றாய்ச் சுருங்கிப்போகும். உலர்த்துவது இன்னும் மோசம். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமே உலக சுகாதார நிறுவனம் காட்டும் வரம்பு. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோகிராம். அந்தப் பென்சீன் காற்றுப் பட்டால் பறந்துவிடும். நிழலில் உலர்த்திய மண்ணில் பென்சீனைத் தேடுவது, பறவையைத் திறந்துவிட்டுக் கூண்டைச் சோதிப்பதற்கொப்பாகும். கண்ணாடிக் குப்பியில் வெற்றிடமின்றி நிரப்பி, உடனே இறுக மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் ரசாயன சாலை சேர்க்க வேண்டும். ஈயம் அவ்விதம் பறப்பதன்று. ஈயம் சேர்ந்த பெட்ரோல் நம் தேசத்தில் 2000 பிப்ரவரியில்தான் முற்றிலும் நின்றது. அதற்கு முற்பட்ட பங்க் மனையானால் ஈயத்துக்கும் சோதிக்கச் சொல்வது அவசியம்.

குப்பிதோறும் எண், இடம், ஆழம், எடுத்த நேரம், எடுத்தவர், கைமாறியவர் எல்லாம் எழுதப்பட வேண்டும். நமது சங்கங்களின் காரியதரிசிகளுக்கு இதில் குறை வராது என்று நம்புகிறோம். நூல் சிட்டம் ஒன்று கைமாறினாலும் கையெழுத்து வாங்குகிறவர்கள் அல்லவா?

பங்க் நடத்தும் கூட்டுறவு நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. அளவுகோல் இட்டுத் தினமும் எழுதும் இருப்புப் புத்தகமே முதல் சோதனைச் சாலை. நாள்தோறும் ஒரே பக்கமாய்க் குறைவு விழுவதை 'ஆவிச் சேதாரம்' என்ற ஒரே சொல்லால் மூடும் பழக்கம் நமக்குச் சம்மதமன்று.

மேற்சொன்ன மனையில் மறுபடி முறைப்படி மண் எடுக்கப்பட்டது. தொட்டியின் அடியில் எடுத்த குப்பிகள் சுத்தம். பம்பு மேடையின் கீழ், குழாய் இணைப்பருகே எடுத்த குப்பியில் பெட்ரோல் அம்சம் தென்பட்டது. கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. முன்பணத் தீர்மானம் நிறுத்தப்பட்டது. கிணற்று நீரின் முடிவு வந்த பிறகே கிரயம் பேசுவதென்றும், மண்ணை அகற்றும் செலவு மனைக்காரருடையதென்றும் பொதுக்குழு எழுதி வைத்திருக்கிறது. நீர் மாதிரி ரசாயன சாலைக்குப் போயிருக்கிறது.