'வேண்டாம்' என்று சொல்லப் பழக்குவோம்



புகைத்தால் நுரையீரல் கெடும் என்பது மாணவர்களுக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். ஆனாலும், நண்பன் நீட்டும்போது மறுக்கத் தெரியாமல்தான் பலர் முதல்முறை இழுக்கிறார்கள். ஆகவே, பள்ளிச் சுகாதாரப் பாடம் நோய்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடக் கூடாது. நட்பை முறிக்காமல் மறுப்பது எப்படி என்று வகுப்பிலேயே நடித்துப் பழகும் பயிற்சியும் வேண்டும்.

மின்சிகரெட் வெறும் நீராவி என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. அதில் பெரும்பாலும் நிக்கோட்டின் இருக்கிறது. வளரும் மூளை அதற்கு எளிதில் அடிமையாகிவிடும். சிலவற்றில், மருத்துவமனைகளில் மயக்க மருந்தாகப் பயன்படும் எட்டோமிடேட்டையும் கலக்கிறார்கள்.

சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம். 2025 செப்டம்பரில் தண்டனைகள் மேலும் கடுமையாயின. அதே வேளையில், தாமாக முன்வந்து உதவி நாடுவோருக்குத் தண்டனை இல்லை என்றும் அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. தண்டனையை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விட்டால், பழக்கத்தில் சிக்கிய பிள்ளை பயந்து மறைக்கவே பார்க்கும்.

பெற்றோர்களே, பிள்ளையின் பையில் அப்படி ஒன்றைக் கண்டால் உடனே கை ஓங்காதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் உதவியை அந்தப் பிள்ளையோடு சேர்ந்தே நாடுங்கள்.